வெறும் மணலுக்குக் காவிளாய்

ஜூன் மாதம் தொடங்கிவிட்டால் எங்கள் பாடசாலையில் முதலாம் பாடவேளை மேசை துடைப்பதோடுதான் ஆரம்பமாகும். இரவு முழுக்கச் சோளகம் வீசியிருக்கும். ஜன்னல் பலகையிலும் கரும்பலகைக் கட்டையிலும் மாணவர் வரவுப் பதிவேட்டின் மட்டையிலும் மணல். பத்து மணிக்குப் பிறகு காற்று இன்னும் ஏறும். பெண் பிள்ளைகள் பர்தாவின் நுனியால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். முன்வரிசையில் ஒரு பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும். நான் யாப்பு படிப்பித்துக்கொண்டிருப்பேன். அசை பிரிக்கச் சொன்னால் பல்லில் மணல் நெரிபடும்.

மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரதேசத்தை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரைக்கும் கொட்டித் தீர்த்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரை வானம் வெளுத்துக் கிடக்கும், காற்று மட்டும் ஓயாது. கடலோரத்து ஊர்களில் அந்தக் காற்றுக்கு அகப்படுவது மணல்தான்.

மரம் நட்டால் சரியாகிவிடும் என்று முதலில் நினைத்தோம். சுற்றுவேலியோரம் வேம்பு வைத்தோம். வேம்பு வளர்ந்தது, நிழலும் தந்தது, மணல் மட்டும் நிற்கவில்லை. அடுத்து ஓர் உதவி நிறுவனம் வந்து முன்முற்றத்தில் புல் பதித்துத் தந்தது. மாரி காலத்தில் அதைப் பார்க்க ஊரே வந்தது. மார்ச் வரையில் பச்சை. ஏப்ரலில் மஞ்சள். மே மாதம் காலையும் மாலையும் குழாய் பிடிக்க வேண்டி வந்தது. குழாய்க்கிணற்றுத் தண்ணீர் சவர்க்கத் தொடங்கியது. ஒருநாள் இடைவேளையில் தரம் ஒன்பது பிள்ளையொன்று புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு நின்றது. பவுசர் வராத நாள் அது. வெறுங்குடத்தோடு வீதியால் போன ஒரு தாய் படலையடியில் நின்று கேட்டார்:

"டீச்சர், புல்லுக்கு ஊத்துற தண்ணிய எங்கட குடத்துக்கு ஊத்தினா என்ன?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல இருக்கவும் இல்லை. அந்த வாரமே அதிபரிடம் பேசிக் குழாயை நிறுத்திவிட்டோம். ஜூலையில் புல் செத்தது. மணல் முன்னைவிட அதிகமாக வந்தது, ஏனென்றால் புல் பதிப்பதற்காக மேல்மண்ணைப் புரட்டி இளக்கி வைத்திருந்தார்கள்.

காவிளாய் என்ற சொல்லை முதலில் சொன்னவர் உம்மா. ஏதோ காரியமாகப் பாடசாலைக்கு வந்தவர் முற்றத்தைப் பார்த்துவிட்டு, "இஞ்ச முந்தி காவிளாய் மூடிக் கிடந்திச்சே, அதெல்லாம் எங்க?" என்று கேட்டார். 1990 ஒக்டோபரில் நாங்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. அதற்குப் பிறகு கற்பிட்டியில் கிடுகுக் குடிசையிலும் புத்தளத்திலுமாக வளர்ந்தேன். பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்துப் பட்டமும் எடுத்தேன். சங்க இலக்கியத்து மரஞ்செடிகளைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். என் காலடியில் கிடந்த செடியின் பெயர் எனக்குத் தெரியவில்லை. உம்மாதான் வேலிக்கு அப்பால் போய், கம்பிக்கட்டை அடியில் நின்ற ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து காட்டினார்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. காவிளை, காவிளாய் என்பன வடபுலத்து வழக்கு. தமிழ்நாட்டில் கொழுஞ்சி என்பார்கள். சித்த மருத்துவத்தில் கொள்ளுக்காய்வேளை. அதன் காய் கொள்ளுக்காயின் சாயலில் இருப்பதால் வந்த பெயராக இருக்க வேண்டும். சிங்களத்தில் பில, கத்துருபில என்பார்கள். நெய்தல் பாடல்களில் அடும்புக்குக் கிடைத்த இடம் இதற்குக் கிடைக்கவில்லை. நான் படித்த பாடல்களில் இதைக் கண்ட ஞாபகம் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டக்காரர்கள் இதைப் பாட்டில் தேடியிருக்க மாட்டார்கள். வண்டி வண்டியாகக் கொண்டுவந்து குழைப் பசளையாக மண்ணில் தாட்டார்கள்.

தாவரவியலில் இதன் பெயர் டெஃப்ரோசியா பர்பூரியா. முதற்சொல் சாம்பல் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் காரணம் விளங்கும், மெல்லிய வெண்மயிர் படிந்து சாம்பல் பூத்தாற்போல இருக்கும். இரண்டாவது சொல் பூவின் ஊதா நிறத்துக்கு. பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்துக் கம்பனியின் வைத்தியராக இலங்கையில் இருந்த போல் ஹெர்மன் இங்குள்ள செடிகளை உலர்த்திச் சேகரித்துக்கொண்டு போனார். அந்தச் சேகரிப்பைப் பார்த்துத்தான் லின்னேயஸ் 1747 இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். காவிளாய்க்கு அவர் 1753 இல் வேறொரு பெயர் வைத்தார். இப்போது வழங்கும் பெயர் 1807 இல் வந்தது. ஆக இது எங்கிருந்தோ வந்து குடியேறிய செடி இல்லை. இந்த மண்ணின் பழைய குடி.

அடையாளம் காண்பது சுகம். முழங்கால் உயரத்துக்கு, சில இடங்களில் அதைவிடக் கொஞ்சம் கூட வளரும். அடியிலிருந்தே கிளைத்துப் பக்கவாட்டில் பரவும் குறுஞ்செடி. ஒரு காம்பில் சிற்றிலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே நின்று, நுனியில் ஒன்று தனியாக இருக்கும். பூ சிறியது, பயற்றம்பூவின் அமைப்பு. காய் தட்டையானது, நுனி சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். அவுரியோடு சிலர் மாறாட்டம் பண்ணுவார்கள். அவுரிக்காய் மெலிந்து உருண்டது, இது தட்டை. சந்தேகம் என்றால் ஒரு சோதனை உண்டு. ஒரு சிற்றிலையின் நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். குறுக்கே நேராகக் கிழியாது, அம்பின் இறகு வெட்டியதுபோல் கூராகப் பிளக்கும். நரம்புகள் சரிவாக, ஒன்றுக்கொன்று சமாந்தரமாக ஓடுவதால் அப்படி. சமஸ்கிருதத்தில் இதற்குச் சரபுங்கா, அதாவது அம்பின் இறகு, என்று பெயர் வந்ததும் இதனால்தான். பிள்ளைகளுக்கு இந்த ஒன்றைக் காட்டிக் கொடுத்தால் போதும், வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இலை கிழித்துக்கொண்டு போவார்கள்.

வேம்பு செய்யாததை முழங்கால் உயரச் செடி எப்படிச் செய்யும் என்று அதிபர் கேட்டார். நியாயமான கேள்வி. தூசி வேறு, மணல் வேறு. தூசி காற்றில் மிதந்து உயரப் போகும். மணல் கனமானது. அது நிலத்தையொட்டித் தத்தித் தத்திப் போகிறது. ஒரு மணி எழும்பி விழும்போது கீழே கிடக்கும் வேறு சில மணிகளைத் தட்டி எழுப்பிவிடுகிறது, அவை விழுந்து இன்னும் சிலவற்றை எழுப்புகின்றன. இந்தத் தத்தலில் பெரும்பகுதி முழங்காலுக்குக் கீழேயே நடந்து முடிந்துவிடும். வேம்பின் கிளை எட்டடிக்கு மேலே. கீழே வெறும் தண்டு. மணல் அதன் இரு பக்கத்தாலும் ஓடிப்போகும். காவிளாய் இலையும் கிளையுமாக நிற்பது மணல் ஓடும் அந்த உயரத்திலேயே. காற்று அதற்குள் நுழைந்ததும் வேகம் குறைகிறது, மணல் அங்கேயே விழுகிறது. ஒவ்வொரு செடியின் பின்பக்கத்திலும் கோடை முடிவில் சின்னதொரு மணற்குவியல் இருக்கும். அவ்வளவு மணலும் என் வகுப்பறை மேசைக்கு வந்திருக்க வேண்டியது.

இன்னொன்று, இதன் ஆணிவேர் ஆழமாக இறங்கும். மேல்மண் கருகிக் கிடக்கும்போதும் கீழேயுள்ள ஈரத்தை அது எடுத்துக்கொள்ளும். கடும் வரட்சியில் இலையைக் கொட்டும். குச்சிகளாக நிற்கும்போது செத்துவிட்டது என்று பிடுங்கிவிடக் கூடாது. முதல் மழைக்கு அடியிலிருந்து துளிர்க்கும். அவரை, பயறு குடும்பத்துச் செடியாகையால் வேர்முடிச்சுகளில் வாழும் பக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கின்றன. அதனால் பசளை கேட்காது. கொட்டிய இலை மண்ணுக்குப் பசளையாகிறது.

அப்படியானால் உம்மா சொன்ன காவிளாயெல்லாம் எங்கே போயிற்று? இதைச் சொல்லாமல் கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது. இரண்டு தசாப்தம் ஆளில்லாமல் கிடந்த எங்கள் ஊர்கள் காடாகிவிட்டிருந்தன. யுத்தம் முடிந்து திரும்பி வந்தவர்களுக்கு வளவின் எல்லைகூடத் தெரியவில்லை. கிணற்றடியை வைத்துத்தான் வீடு இருந்த இடத்தைக் கண்டுபிடித்தோம். புல்டோசர் கொண்டுவந்து வெளியாக்கினோம். வேறு வழி இருக்கவில்லை. எங்கள் சொந்தக் காணியைத் துப்பரவாக்கியதற்கு எங்களைக் காடழிப்பவர்கள் என்று சொன்னதை நான் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கமாட்டேன். ஆனால் புல்டோசரின் அலகுக்கு முள்மரமும் காவிளாயும் ஒன்றுதான். வீடு கட்டத் தேவையான இடத்தை மட்டும் வெளியாக்கியிருக்கலாம். நாங்கள் மூலைக்கு மூலை சுரண்டி மணலை வெளியே எடுத்தோம். வெள்ளையாகத் தெரிந்தால்தான் ஊர் என்று நினைத்தோம். காடு திரும்ப வந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது.

2016 ஒக்டோபரில் முதல் விதைப்பு. வீதியோரத்திலும் குளக்கட்டிலும் நின்ற செடிகளில் பிள்ளைகள் காய் பறித்து வந்தார்கள். மழை விழுந்ததும் பாடசாலையின் தென்மேற்குப் பக்கத்தில், காற்று நுழையும் வாசல் என்று சொல்லக்கூடிய இடத்தில், ஒரு பட்டியாகத் தூவினோம். முளைத்தவை ஒரு கைவிரல் எண்ணிக்கை. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாகிவிட்டது. இதன் விதைத்தோலில் மெழுகுபோன்ற தன்மை உண்டு, தண்ணீர் உள்ளே போகாது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். ஒரு மழைக்கு எல்லா விதையும் முளைத்து, பின்னால் வரும் வெயிலில் எல்லாம் கருகிவிடாமலிருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது.

அடுத்த வருடம் இரண்டு விதமாகச் செய்தோம். பாதி விதையைச் சிரட்டையில் போட்டு, பருமணல் சேர்த்து, உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்தோம். விதையின் மினுக்கம் போகுமட்டும் தேய்க்க வேண்டும், நசியக் கூடாது. மற்றப் பாதியைக் கொதித்த நீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு, உடனே வடித்து, குளிர்ந்த நீரில் ஓரிரவு ஊறவிட்டோம். இரண்டுமே முளைத்தன. வெந்நீரில் நேரம் கூடிவிட்டால் விதை அவிந்துவிடும். அதனால் பிள்ளைகளோடு செய்வதற்கு மணல் தேய்ப்பே நல்லது என்பது என் அபிப்பிராயம். பசளைப் பயிராக விதைப்போர் ஹெக்டயருக்கு 15 முதல் 20 கிலோ வரை போடுவார்கள். வீட்டுக் கணக்கில் ஒரு பேர்ச்சுக்கு ஏறக்குறைய 50 கிராம். அவ்வளவு சேகரிக்க முடியாதென்றால் ஓரடிக்கு ஒரு குழி, குழிக்கு மூன்று நான்கு விதை. அரை அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். காட்டில் நிற்கும் காவிளாயின் அடிமண்ணில் ஒரு வாளி எடுத்து விதையோடு கலந்துகொண்டால் வேர்முடிச்சுப் பக்டீரியாவும் கூடவே வந்துசேரும். ஒரு மாதம் போல் கழித்து ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் கடுகு கடுகாகத் தெரியும். ஆரம்பத்தில் மிக மெதுவாகத்தான் வளரும். பொறுமை இல்லாதவர்கள் இந்தக் கட்டத்தில் கைவிட்டுவிடுவார்கள். டிசம்பர் மழைக்குள் வேர் இறங்கிவிட்டால் பிறகு நாம் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. 2018 கோடை முழுக்க அந்தப் பட்டிக்கு ஒரு வாளி தண்ணீர்கூட நாங்கள் ஊற்றவில்லை. அந்த ஜூலையில் மேசை துடைப்பது வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைந்தது.

2019 பெப்ரவரியில் இல்ல விளையாட்டுப் போட்டிக்காகப் பெற்றோர் சிரமதானத்துக்கு வந்தார்கள். நான் அன்று வலயக் கூட்டமொன்றுக்குப் போயிருந்தேன். மறுநாள் வந்து பார்த்தால் தென்மேற்குப் பக்கம் கண்ணாடிபோல வெளிச்சமாக இருந்தது. மண்வெட்டியால் அடியோடு செதுக்கிக் குவித்து எரித்தும் இருந்தார்கள். "பத்தையெல்லாம் வெட்டிச் சுத்தமாக்கிட்டம் டீச்சர்" என்று ஒரு காக்கா சந்தோஷமாகச் சொன்னார். நல்லெண்ணத்தோடு செய்த வேலை. முதுகு வளைந்து வேலை செய்தவரிடம் என்ன கோபிப்பது? பிழை என்னுடையது. அது என்ன செடி, ஏன் நிற்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னேனே தவிரப் பெற்றோருக்குச் சொல்லவில்லை. அந்தக் கோடையில் மேசைகளில் மறுபடி மணல்.

ஆனால் பெப்ரவரிக்குள் காய்கள் வெடித்துச் சிதறிவிட்டிருந்தன. எங்களை முதல் வருடம் ஏமாற்றிய அதே கடினத்தோல் விதைகள் அந்த மணலுக்குள் கிடந்தன. ஒக்டோபர் மழைக்கு நாங்கள் விதைக்காமலே பட்டி முழுக்க முளைத்தது. வேலிக்கு வெளியேயும் முளைத்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. மாதக்கணக்கில் அந்தப் பக்கம் ஒரு காலடியும் படவில்லை. திரும்பிப் போனபோது இடுப்பளவுக்கு ஏறி, பூவும் காயுமாக நின்றது. நாங்கள் நட்ட வரிசை எது, தானாக வந்தது எது என்று பிரித்தறிய முடியவில்லை.

இனிக் குறைகள். இதன்மேல் நடக்க முடியாது. பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்துக்கு இது ஆகாது. மிதிபட்டால் கிளை முறியும், முறிந்த கட்டை காலில் குத்தும். தண்ணீர் தேங்கும் பள்ளத்திலும் நிற்காது. எங்கள் வளவின் வடக்கு மூலையில் மாரிக்கு வெள்ளம் நிற்கும், அங்கே விதைத்தவை அழுகின. அந்த இடத்துக்கு இப்போது பொடுதலை விட்டிருக்கிறோம். அது தரையோடு தரையாகப் படரும், ஈரத்தையும் தாங்கும், வெயிலையும் தாங்கும், கொஞ்சம் மிதிக்கவும் விடும். கடலலை எட்டும் தூரத்தில் வீடு உள்ளவர்கள் காவிளாயோடு மினக்கெடாமல் அடம்பன் கொடியையே விடலாம்.

பாம்பைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். அடர்ந்த செடிக்குள் பாம்பு வராது என்று நான் சொல்லமாட்டேன். வகுப்பறைச் சுவரிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் நாலைந்தடியை வெறும் மணலாக விட்டு, தினமும் கூட்டி வைக்கிறோம். வருடத்தில் ஒரு தடவை, மார்ச் கடைசியில், காய் வெடித்துக் கொட்டியதும் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டுகிறோம். வெட்டியதை எரிப்பதில்லை, அப்படியே வேம்பின் அடிக்குப் போடுகிறோம். இன்னும் ஒட்டக் குறைத்து வெட்டினால் சோளகம் தொடங்கும்போது மணலைப் பிடிக்க இலை இருக்காது. ஆடுகள் எங்கள் பட்டியை இதுவரை பெரிதாகத் தொடவில்லை. மாடும் விரும்பி மேயாது. வேலி போட வசதியில்லாத வளவுகளுக்கு அது பெரிய விஷயம்.

மருந்தாக இது பேர்போனது. ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் ஆயுர்வேதத்தில் கொடுப்பார்கள். செடி வந்த பிறகு ஊரில் இரண்டொருவர் வேரைக் கேட்டு வந்தார்கள். நான் கொடுக்கவில்லை. இந்தச் செடியினத்தில் மீனை மயக்கும் பொருள்கள் உண்டு. இதன் நெருங்கிய உறவான ஒரு செடியின் இலையை ஆபிரிக்காவில் நசுக்கி நீரில் போட்டு மீன் பிடிப்பார்கள். எவ்வளவு, எப்படி என்பது வைத்தியருக்குத் தெரிந்த விஷயம், தமிழ் டீச்சருக்குத் தெரிந்ததில்லை. வெட்டிய தழையை மீன் வளர்க்கும் தொட்டியிலோ குளத்திலோ போடாமல் இருப்பதும் நல்லது.

விதை சேகரிக்க நினைப்பவர்கள் பெப்ரவரி பிந்த விடக்கூடாது. காய் பச்சை மாறி மண்ணிறமாகும்போது, காலைப் பனி காய்வதற்கு முன், காம்போடு பறித்துத் துணிப்பையில் கட்டி வெயிலில் வைக்க வேண்டும். மத்தியானத்தில் பைக்குள் படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்கும். திறந்த சுளகில் காயவைத்தால் விதை முற்றமெல்லாம் சிதறிப்போகும். உம்மாவின் வீட்டில் நான் அப்படித்தான் காயவைத்தேன். அடுத்த மாரிக்கு அவருடைய வெள்ளை மணல் முற்றத்தில் காவிளாய் முளைத்தது. செடியை எனக்குக் காட்டித் தந்தவரே அவ்வளவையும் பிடுங்கிக் கையில் தந்து, "இது வேலிக்கு அங்கால" என்றார். கிணற்றடியிலிருந்து வாசல் வரை அவர் இன்னும் சுபஹுக்குப் பிறகு கூட்டுகிறார். வேலிக்கு அங்கால், வீதிவரை, இரண்டு வருடமாகக் காவிளாய் நிற்கிறது.